தாயத்து இருக்கட்டும், மாத்திரையை நிறுத்த வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடி நெருங்குகிறது. அய்யாவாடி பிரத்தியங்கிரா தேவி கோயிலின் அமாவாசை யாகத்துக்கும், திருபுவனம் சரபேஸ்வரர் சன்னிதியின் ஞாயிற்றுக்கிழமை ராகு காலப் பூசைக்கும், நாகூர், முத்துப்பேட்டை தர்காக்களுக்கும், வேளாங்கண்ணிக்கும் கூட்டம் பெருகும். அந்தக் கூட்டத்தில் ஒரு பகுதியினர், வீட்டில் ஒருவருக்குத் தூக்கம் கெட்டு, பேச்சு மாறி, ‘காத்து கருப்பு அடிச்சிருச்சு, யாரோ செய்வினை வச்சுட்டாங்க’ என்ற கலக்கத்தோடு வருகிறவர்கள். இவர்களைப் பற்றி நாளிதழ்கள் இரண்டே விதமாக எழுதுகின்றன. ஒன்று, பேய் ஓட்டும் அதிசயம். மற்றொன்று, மூடநம்பிக்கையின் உச்சம். இரண்டையும் படித்த குடும்பத்துக்கு மறுநாள் காலை என்ன செய்வதென்று மட்டும் தெரிவதில்லை. அதை எழுதத்தான் மனநலப் பணியாளர்களான எங்களின் இந்தக் கடிதம்.

முதலில், நம்பிக்கை என்பது நோய் ஆகாது. பேய், சூனியம், சகுனம், முன்கூட்டியே தெரியும் கனவு போன்றவற்றில் ஒருவருக்கு எவ்வளவு நம்பிக்கை என்று அளக்க உளவியலில் 26 வினாக்கள் கொண்ட ஓர் அளவுகோல் உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் டோபாசிக் உருவாக்கியது. அதில் அதிக மதிப்பெண் வாங்கினார் என்பதை மட்டும் வைத்து ஒருவருக்கு மனநலம் குன்றியிருக்கிறது என்று சொல்ல முடியாது. யாரும் இல்லாத இடத்தில் குரல் கேட்பது, பிறர் தன்னைக் குறிவைக்கிறார்கள் என்ற எண்ணம் இறுகிப்போவது, யோசனை கோர்வையற்றுப் போவது ஆகியவை அந்த நம்பிக்கையோடு சேரும்போதுதான் வாழ்க்கை தடுமாறுகிறது.

நம்பிக்கை ஏன் தேவைப்படுகிறது என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. நிலைமை தன் கையில் இல்லை என்று உணர்கிறவர், தொடர்பே இல்லாத விஷயங்களுக்கிடையில் தொடர்பைக் காணத் தொடங்குகிறார் என்று 2008-ல் ‘சயின்ஸ்’ இதழில் ஜெனிஃபர் விட்சனும் ஆடம் கலின்ஸ்கியும் சோதனைகள் வழியாகக் காட்டினார்கள். மேட்டூர் எப்போது திறக்கும், திறந்த தண்ணீர் கடைமடைக்கு வருமா, வந்து நட்ட சம்பா ஐப்பசி மழையில் மூழ்குமா என்று ஆண்டு முழுக்கப் பிறர் கையையும் வானத்தையும் பார்த்து நிற்கும் நிலம் இது. இங்கே களத்துமேட்டில் திருஷ்டிப் பூசணிக்காய் உடைப்பதில் வியப்பென்ன? அதனால் யாருக்கும் கேடில்லை. திருவிடைமருதூரில் கிழக்கு வாசல் வழியே போய், திரும்பும்போது வேறு வாசல் வழியே வெளியேறுவது வழக்கம். பிரம்மஹத்தி கிழக்கு வாசலிலேயே நின்றுவிடும் என்பது ஐதீகம். குற்ற உணர்ச்சியைச் சுமப்பவருக்கு அதை இறக்கிவைக்க ஓர் இடம் வேண்டும். இந்த ஊர் அதைக் கட்டிடமாகவே கொடுத்திருக்கிறது.

சாமியாடுவதையும் நோய்க் கணக்கில் சேர்க்கக் கூடாது. உடுக்கையும் பம்பையும் ஒலிக்கும்போது வந்து, விபூதி போட்டதும் இறங்கி, பிறகு வழக்கம்போல் சோறு தின்று வேலைக்குப் போகிறவர் நோயாளி இல்லை. 2022 முதல் நடைமுறையில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலும் இதையே சொல்கிறது: ஊரும் சமயமும் ஏற்றுக்கொண்ட சடங்கின் பகுதியாக வரும் ஆவேசம் நோயில் சேராது, வேண்டாதபோது வந்து, அடக்க முடியாமல், அன்றாட வாழ்க்கையைக் கெடுத்தால்தான் அது நோய்.

கோயிலில் தங்குவதால் பயன் உண்டா என்றால், உண்டு. 2002-ல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் மருத்துவர் ரகுராமும் அவருடைய குழுவினரும் தமிழகத்தின் முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கிய 31 பேரைப் பற்றி எழுதினார்கள். பெரும்பாலோர் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) உள்ளவர்கள். சராசரியாக 6 வாரம் தங்கினார்கள். நோய்க்குறிகளின் மதிப்பெண் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்தது. அங்கே பேயோட்டும் சடங்கு எதுவும் முக்கிய இடம் வகிக்கவில்லை; அடி இல்லை, கட்டு இல்லை; குடும்பத்தில் ஒருவர் கூடவே இருந்தார்; சின்னச் சின்ன வேலைகள் இருந்தன. அதைச் செய்தது மரியாதை என்பதே எங்கள் வாசிப்பு. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அந்த ஆய்வில் இல்லை. 20 சதவீதக் குறைவு நல்லதுதான், மீதி நோய் அப்படியே இருக்கிறது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

கேடு வருவது வேறு வழிகளில். தாமதம், பட்டினி, புகை, சங்கிலி, பாதியில் நிறுத்திய மாத்திரை.

தாமதத்திலிருந்து தொடங்குகிறோம். 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, மனப்பிறழ்வு நோய் (நிஜத்தோடு தொடர்பு அறுந்துபோகும் கடும் மனநோய்) உள்ளவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் சிகிச்சை பெறாமல் இருக்கிறார்கள். நோய் தொடங்கி மருந்து தொடங்கும்வரை கடக்கும் காலம் எவ்வளவு நீளமோ, அவ்வளவுக்குக் குணமாவதும் கடினமாகிறது. இதைவிட அவசரமானது, பேய் என்று நினைப்பதில் ஒரு பகுதி மனநோயே இல்லை, உடல்நோய் என்பது. குறி கேட்கும் முன் காய்ச்சல் பாருங்கள். கார்த்திகை, மார்கழிக் குளிரில் வயல், புதர் ஓரம் வேலை செய்தவருக்கு ஒரு வாரக் காய்ச்சலோடு பிதற்றல் வந்தால், அக்குளிலும் தொடை இடுக்கிலும் பெண்களுக்கு மார்பின் அடியிலும் சிகரெட் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று தேட வேண்டும். அது ஸ்கரப் டைபஸ். பூச்சிக் கடியால் வருவது. டாக்ஸிசைக்ளின் என்ற விலை குறைந்த மாத்திரையில் தீரும். விட்டுவிட்டால் மூளையையும் நுரையீரலையும் பிடிக்கும்.

வெறித்துப் பார்த்து, உதட்டைச் சப்பி, துணியைப் பிசைந்து, ஓரிரு நிமிடம் கழித்து ஒன்றும் தெரியாமல் விழிக்கிறார் என்றால் அது வலிப்பின் ஒரு வகை. கையும் காலும் உதறாமலும் வலிப்பு வரும். செல்போனில் அதைப் படம்பிடித்து மருத்துவரிடம் காட்டினால் நோயைக் கண்டுபிடிக்கும் வேலை பாதி முடிந்துவிடும். நன்றாக இருந்த இளம்பெண் சில நாட்களில் நடத்தை மாறி, பிறகு வலிப்பு, வாயும் கையும் விநோதமாக அசைவது, பேச்சு நின்றுபோவது என்று போனால், உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும் நோயாக இருக்கலாம். 2007-ல்தான் இந்த நோயின் காரணம் கண்டறியப்பட்டது. சில பெண்களுக்குச் சினைப்பையில் உள்ள கட்டி இதைத் தூண்டுகிறது. பார்ப்பவர்கள் எல்லாரும் பேய் என்று சத்தியம் செய்யக்கூடிய தோற்றம். ஆனால் சிகிச்சைக்கு இணங்கும் நோய்.

பிள்ளை பெற்ற வீட்டைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறோம். வாசலில் வேப்பிலை செருகி, தலைமாட்டில் இரும்பு வைத்து, பச்சை உடம்புக்காரியைக் காத்து அண்டாமல் பார்த்துக்கொள்வது நம் வழக்கம். வேப்பிலை இருக்கட்டும். பிரசவமான 1000 பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், கடுமையான மனப்பிறழ்வு வருகிறது. அதன் முதல் அறிகுறி கத்தலோ ஆட்டமோ இல்லை. குழந்தை தூங்கும்போதும் தாய்க்குத் தூக்கம் வராதது. அடுத்து, ‘இது என் பிள்ளை இல்ல’, ‘பாலில் எதையோ கலந்துட்டாங்க’ என்ற பேச்சு. அன்றே 108-ஐ அழைக்க வேண்டும். மருத்துவமனை போய்ச் சேரும்வரை தாயையும் குழந்தையையும் தனியே விடக்கூடாது, ஒரு நொடி கூட. சரியான நேரத்தில் பார்த்தால் நன்றாகக் குணமாகும் நோய் இது. மந்திரித்துப் பார்ப்போம் என்று தள்ளிய நாட்களில் இரண்டு உயிர் போவதும் உண்டு.

குடியை விட்டவர்களின் கதை வேறு. கார்த்திகை முதல் நாள் மாலை போட்டு, பல ஆண்டுக் குடியை ஒரே நாளில் நிறுத்துகிறார். முதல் நாள் கை நடுக்கம், வியர்வை. இரண்டாம் நாள் முதல் நான்காம் நாளுக்குள் சுவரில் பூச்சி ஊர்கிறது, செத்துப்போனவர் வந்து நிற்கிறார், இடம் புரியவில்லை. ‘மாலை போட்டதில் ஏதோ தீட்டுப் பட்டுருச்சு’ என்று குடும்பம் குருசாமியிடம் ஓடுகிறது. இது உயிருக்கு ஆபத்தான மது நிறுத்த நிலை. குளுக்கோஸ் ஏற்றும் முன் தயாமின் (வைட்டமின் பி1) ஊசி போட்டாக வேண்டும். இதை மருத்துவமனையில்தான் செய்ய முடியும். தினமும் அதிகம் குடிப்பவர் மாலை போடுவதற்கு ஒரு வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்துவிட்டால் விரதமும் காப்பாற்றப்படும், ஆளும் காப்பாற்றப்படுவார். குருசாமிமார்கள் இதை ஒரு நிபந்தனையாகவே வைக்கலாம்.

வயதானவர் பொழுது சாய்ந்ததும் யாரையோ பார்த்துப் பேசுகிறார் என்றால், ஓரிரு நாளில் திடீரென வந்ததா, மாதக்கணக்கில் வளர்ந்ததா என்று பிரித்துப் பாருங்கள். திடீரென வந்தால் சிறுநீர்த் தொற்று, உப்புக் குறைவு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை ஆகியவற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பயப்பட வேண்டாதவையும் உண்டு. நள்ளிரவில் விழிப்பு வந்தும் கையும் காலும் அசையவில்லை, நெஞ்சில் ஏதோ ஏறி உட்கார்ந்திருக்கிறது, அறை மூலையில் ஓர் உருவம். அமுக்குவான் என்று நாம் சொல்வது இதைத்தான். கனவு காணும் தூக்கத்தில் மூளை உடம்பின் தசைகளைத் தளர்த்திப் பூட்டி வைக்கிறது. அந்தப் பூட்டு திறக்கும் முன் விழிப்பு வந்துவிட்டால் இப்படி ஆகிறது. 100 பேரில் சுமார் 8 பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது வரும். சில நொடி, போனால் சில நிமிடம். உயிருக்கு ஒன்றும் ஆகாது. திமிறினால் பயம் கூடும். கால் கட்டைவிரலையோ கண்ணையோ மட்டும் அசைக்க முயன்றபடி மூச்சை மெதுவாக விட்டால் விலகும். மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுப்பதும், ராத்திரி காவல், நைட் ஷிஃப்ட் முடிந்த பின் தூக்கக் கடனைச் சரியாக அடைப்பதும் அதைத் தடுக்கும். பகலிலும் அடக்க முடியாமல் தூக்கம் சொக்கினால், சிரித்தால் முழங்கால் மடங்கினால், நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

துக்க வீட்டுக்கும் ஒரு வார்த்தை. கணவனை இழந்தவர், ‘ராத்திரி கொல்லைக் கதவைத் திறந்துக்கிட்டு வந்தாரு, பேர் சொல்லிக் கூப்பிட்டாரு’ என்கிறார். இது நோயும் இல்லை, ஆவி வழி தெரியாமல் அலைகிறது என்று பரிகாரம் பண்ண வேண்டிய அவசியமும் இல்லை. 1971-ல் வேல்ஸ் நாட்டு மருத்துவர் டெவி ரீஸ், துணையை இழந்த 293 பேரை விசாரித்தபோது, ஏறக்குறைய பாதிப் பேர் இறந்தவரின் இருப்பை உணர்ந்ததாகச் சொன்னார்கள். பலருக்கு அது ஆறுதலாகவும் இருந்தது. கூட உட்கார்ந்து கேட்டால் போதும். ‘நீயும் வந்துடு’ என்று அந்தக் குரல் கூப்பிடுவதாகச் சொன்னால் மட்டும் அவரைத் தனியே விடாமல், வீட்டில் இருக்கும் எலிமருந்தையும் பூச்சிமருந்தையும் பூட்டிவிட்டு, அன்றே உதவி தேட வேண்டும்.

இனி, ஓட்டும் சடங்கில் நேரும் உடல்கேடு. மிளகாய் வற்றலைத் தணலில் போட்டு மூக்கருகே பிடிக்கும் புகை, ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். சூடத்தை விழுங்கச் செய்தால் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். சிறு பிள்ளைக்கு ஒரு கிராமே ஆபத்து. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் சர்க்கரை இறங்கி வரும் தடுமாற்றம், ‘இறங்க மறுக்கும் பேய்’ போலவே தெரியும். மனநிலை ஏற்ற இறக்க நோய்க்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுபவர் தண்ணீர் குறைத்து வெயிலில் கிடந்தால் ரத்தத்தில் மருந்து ஏறி, கை உதறி, நாக்குக் குழறும். வலிப்பு மாத்திரையை விரதத்துக்காக நிறுத்தினால் நிற்காத வலிப்பே வரக்கூடும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, நம் பக்கத்து மருத்துவமே குடும்பத்தைக் கோடாங்கியிடம் திருப்பி அனுப்பும் ஒரு சந்தர்ப்பம் இருக்கிறது. ஹாலோபெரிடால் போன்ற மனப்பிறழ்வு மருந்து தொடங்கிய முதல் நான்கைந்து நாட்களுக்குள் சிலருக்கு, அதிலும் இளைஞர்களுக்கு, கழுத்து ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும், கண்விழி மேலே செருகும், நாக்கு வெளியே தள்ளும், பேச வராது. பார்க்கிறவர்களுக்கு, மாத்திரை போட்டதால் பேய்க்குக் கோபம் வந்துவிட்டது என்றுதான் தோன்றும். அது மருந்தின் பக்கவிளைவு. புரோமெத்தசின் ஊசி ஒன்று போட்டால் பெரும்பாலும் அரை மணிக்குள் கழுத்து நேராகும். வாந்தியை நிறுத்தப் போடும் மெட்டோகுளோபிரமைடு ஊசியாலும் இதே நேரலாம். முதல் சீட்டு எழுதும்போதே, ‘கழுத்து இழுத்தால் பயப்படாதீங்க, பக்கத்து ஆஸ்பத்திரிக்கு உடனே போங்க’ என்று சொல்லி, தடுப்பு மாத்திரையையும் கொடுக்காத மருத்துவரால் ஒரு குடும்பம் நிரந்தரமாக மாத்திரையை விட்டுவிடுகிறது. எங்கள் துறையினர் இதற்குப் பொறுப்பேற்க வேண்டும்.

மண்டலக் கணக்கை நாங்கள் எதிர்ப்பதில்லை. 48 நாள் என்பது ஏறக்குறைய 7 வாரம். மனச்சிதைவு மருந்து முழுப்பலன் காட்ட 4 முதல் 6 வாரம் ஆகும். மாத்திரையை விரதத்தோடு சேர்த்து, விளக்கேற்றும் வேளையில் தாயோ அண்ணியோ கையில் கொடுத்து விழுங்க வைத்தால், பாதியில் விட்டுவிடும் தொல்லை குறைகிறது. சிக்கல் 49-ஆம் நாள் வருகிறது. வேண்டுதல் முடிந்தது, ஆள் தெளிந்துவிட்டார் என்று மாத்திரையும் நின்றுவிடும். முதல் தடவை வந்த மனப்பிறழ்வுக்கே குறைந்தது ஓராண்டு, பெரும்பாலும் இரண்டாண்டு மருந்து தேவை. ‘தாயத்து கட்டியாச்சும்மா, ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்திடாதீங்க’ என்று பூசாரி ஐயாவோ தர்கா பெரியவரோ ஒரு வரி சொன்னால், நாங்கள் அச்சடிக்கும் துண்டுப் பிரசுரங்கள் சாதிக்காததைச் சாதிக்கும்.

வீட்டில் பேசும் விதம் பற்றிக் கேட்கிறார்கள். ‘பேயெல்லாம் கிடையாது’ என்று வாதாடினால் அவர் உங்களையும் எதிரியாக்கிக்கொள்வார். ‘ஆமா, நானும் பார்த்தேன்’ என்றால் பயம் உறுதிப்படும். ‘உனக்கு ரொம்ப பயமா இருக்குன்னு தெரியுது தம்பி, முதல்ல தூக்கம் வர ஒரு வழி பார்ப்போம்’ என்பது உண்மையும் கூட, அவரை மருத்துவமனைக்கு அழைத்துவரும் சொல்லும் கூட. பக்கத்து வீட்டம்மாதான் செய்வினை வைத்தது என்று அவர் பெயர் சொன்னால், அதை ஊரில் பரப்பாதீர்கள். அடிதடிக்கு ஆளாவது பெரும்பாலும் தனியே வாழும் ஒரு பெண்ணாகவே இருக்கும்.

சங்கிலியைப் பற்றி இனியும் எழுத வேண்டியிருப்பது வருத்தம் தருகிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது, கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் மாண்டார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன் 95-ஆம் பிரிவு, எந்த வடிவத்திலும் சங்கிலியால் பிணைப்பதைத் தடைசெய்கிறது. மீறினால் முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஏர்வாடிக்குப் பிறகு காவிரிக் கரைக் குணசீலம் காட்டிய வழி நம் கண்முன் இருக்கிறது. பெருமாள் சன்னிதியில் உச்சிக்காலத் தீர்த்தம் முகத்தில் தெளிப்பதும் நடக்கிறது. பக்கத்திலேயே உரிமம் பெற்ற மறுவாழ்வு மையமும் மனநல மருத்துவர் வருகையும் இருக்கின்றன. டெல்டாவின் பெரிய வழிபாட்டுத் தலங்கள் ஒவ்வொன்றிலும், கூட்டம் வரும் கிழமையில், மாவட்ட மனநலத் திட்டக் குழு ஒரு மேசை போட்டு மாத்திரையோடு உட்கார வேண்டும். மாவட்ட நிர்வாகங்களிடம் எங்கள் கோரிக்கை இதுதான். நாற்காலி நான்கு, மறைப்புத் திரை ஒன்று, ரத்த அழுத்தக் கருவி, சர்க்கரை பார்க்கும் கருவி, வெப்பமானி, ஒரு மாத மருந்து. இதற்குப் புதிய கட்டிடம் தேவையில்லை.

தங்களிடம் ஒரு கோரிக்கை. மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் 1954, தாயத்து, மந்திரம் ஆகியவற்றால் நோய் தீரும் என்ற விளம்பரங்களைத் தடைசெய்கிறது. அச்சட்டத்தின் அட்டவணையில் பைத்தியமும் வலிப்பும் பெயர் சொல்லியே இடம்பெற்றுள்ளன. விளம்பரம் கொடுப்பவரோடு வெளியிடுபவரும் அதில் பொறுப்பாளி. வரிவிளம்பரப் பகுதியில் ‘24 மணி நேரத்தில் பில்லி சூனியம், மனநோய் நீக்கம்’ என்று வருபவற்றைத் தமிழ் நாளிதழ்கள் அனைத்தும் நிறுத்த வேண்டும். வெள்ளிக்கிழமை ஆன்மிகப் பக்கத்தின் அடியில், பரிகாரத் தலங்களின் பெயருக்குக் கீழேயே, 14416 என்ற எண்ணை வாரந்தோறும் அச்சிடுங்கள். டெலி மானஸ், 2022 அக்டோபர் முதல் இயங்கும் அரசு உதவி எண். இரவும் பகலும், கட்டணமில்லாமல், தமிழில் பேசுவார்கள். நோயாளி பேச வேண்டும் என்றில்லை, பயந்துபோன மாமியாரோ மைத்துனரோ கூட அழைக்கலாம் என்பதையும் ஒரு வரி சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் மனநலப் பணியாளர்கள் சிலர்